தையல் காயும் வரை

பித்தப்பையில் கல் என்றால், எண்பதுகள் முடியும் வரை, வலப்பக்க விலாவுக்குக் கீழே அரைச் சாண் நீளத்துக்குக் கீறித்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், பத்து நாள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றரை மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குனிந்து கோலம் போடக் கூடாது, மாடிப்படியைப் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். 1985-இல் ஜெர்மனியில் எரிக் ம்யூஹெ என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறக்காமல், குழாய்களை நுழைத்தே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990-இல் அந்த முறை மும்பைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூரும் சென்னையும் அதில் கைதேர்ந்துவிட்டன. இப்போது வயிற்றில் நான்கு சிறு துளைகள்தான். இன்று ஆபரேஷன் என்றால் நாளையோ மறுநாளோ டிஸ்சார்ஜ். பத்து நாளில் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

உடம்புக்கு இது பெரிய நன்மை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு மாதச் சம்பாத்தியம் மிஞ்சுகிறது. சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்க்கு அடுத்தவர் வீட்டைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. அதை முழு மனதோடு ஒப்புக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன். படுக்கையில் கிடந்த அந்த ஒன்றரை மாதத்துக்கென்று ஒரு வாசிப்பு இருந்தது. பெண்களுக்கு அது இன்னும் அருமையானது. கல்யாணமான பிறகு, பட்டப்பகலில் படுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க ஆபரேஷன் ஒன்றுதான் வழிவிட்டது என்று என் அம்மாவின் வயதுப் பெண்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாள்கள் சுருங்கியபோது அந்த வாசிப்பும் சேர்ந்து சுருங்கியது.

அன்றைய வார்டில் பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு வரை. ஒயர் கூடையில் ஃபிளாஸ்க், சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ரொட்டி பாக்கெட் வரும். ஓரத்தில் சுருட்டிச் செருகிய குமுதமோ ஆனந்த விகடனோ இருக்கும். கொண்டுவந்தவர் ஒருவருக்கென்றுதான் கொண்டுவருவார். ஆனால் மறுநாள் காலைக்குள் அந்தப் பத்திரிகை நாலு கட்டில் தாண்டிப் போயிருக்கும். திரும்பி வரும்போது குறுக்கெழுத்துக் கட்டங்களை யாரோ நிரப்பியிருப்பார்கள். காலையில் ஒரு தினத்தந்தி வந்தால் தாள் தாளாகப் பிரிந்து வார்டையே சுற்றும். 1960 முதல் அதில் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவுப் படக்கதைக்காக மட்டும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். நடுவில் எத்தனை ஆண்டு விட்டுப்போயிருந்தாலும் இரண்டு நாளில் கதைக்குள் நுழைந்துவிடலாம். படுத்திருப்பவருக்கு அப்படியொரு கதை வேண்டியிருந்தது.

மயக்க மருந்தும் வலி மாத்திரையும் சேர்ந்தால் நினைவு நிற்காது. இரண்டு பக்கம் படிப்பதற்குள் இமை கனக்கும். விழித்தால் எங்கே விட்டோம் என்று தெரியாது. வாரப் பத்திரிகைகளின் துணுக்குகளும் ஒரு பக்கக் கதைகளும் இந்த நிலைக்கு மிகப் பொருந்தின. சிரிப்புத் துணுக்கில் மட்டும் எச்சரிக்கை தேவை. வயிற்றில் தையல் போட்டவருக்குச் சிரிப்பு தாங்காது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள சிஸ்டர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வைப் படிக்கிறவர்கள் அதே தலையணையை அதற்கும் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு தேவையும் உண்டு. இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். புத்தகத்தை வலது கையால் மட்டுமே பிடிக்க முடியும். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் இதற்கென்றே அச்சிட்டவை போல இருந்தன. மட்டமான தாள், கனமே இல்லை, உள்ளங்கைக்குள் மடங்கும், ஒரே மூச்சில் கதை முடிந்துவிடும். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று அட்டையில் பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன வகைச் சாப்பாடு என்று தெரிந்துவிடும். ராஜேஷ்குமார் இதுவரை 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். அவற்றில் எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில்களில் படிக்கப்பட்டிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்திருக்க முடியாது. ரமணிசந்திரனைக் கேட்டு வாங்கியவர்கள் முடிவு நல்லபடியாக இருக்கும் என்ற உறுதிக்காகவே கேட்டார்கள். அதை இலக்கியத் தரக் கணக்கில் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உடம்பில் காயத்தோடு படுத்திருப்பவர் முன்கூட்டியே தெரிந்த நல்ல முடிவைக் கேட்பதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

கண் ஆபரேஷன்தான் எல்லாவற்றிலும் கடினம். படிக்கிற உறுப்பே கட்டுக்குள் போய்விடும். எழுபதுகளின் கடைசியில் என் அப்பத்தாவுக்குப் புரை எடுத்தது, விடுமுறை விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில். தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து அசையாமல் கிடத்தினார்கள். முதல் சில நாள் இரண்டு கண்ணுக்கும் கட்டு. இருமக் கூடாது, தும்மலை அடக்க வேண்டும், கடித்து மெல்லும் எதையும் தின்னக் கூடாது; கஞ்சிதான். கட்டு அவிழ்த்த பிறகும் வெளிச்சம் தெரியுமே தவிர எழுத்து தெரியாது. புண் முழுதாக ஆறி, அளவு பார்த்து, சோடாபுட்டிக் கண்ணாடி வந்து சேர ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை காதுதான் கதி. தலைமாட்டில் டிரான்சிஸ்டர் இருக்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அன்று தென்மாவட்ட வீடுகளில் சென்னை, திருச்சி நிலையங்களைவிட அதிகம் ஒலித்தது. ரேடியோ ஓய்ந்த நேரத்துக்கு நான்.

அப்பத்தா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது வாரம் தவறாமல் வாங்கி, கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, காலிகோத் துணி போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். பக்கங்களின் ஓரம் பழுத்து ஒடிந்திருக்கும். கதை நடுவே தலைவலித் தைலத்துக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் விளம்பரம் வரும். மணியத்தின் ஓவியங்கள் இருந்த சில பக்கங்களை யாரோ வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் பின்பக்கத்துக் கதையும் சேர்ந்து போயிருக்கும். ஓட்டை வந்த இடத்தில் நான் தடுமாறி நிற்பேன். அப்பத்தா கட்டுப்போட்ட கண்ணோடு, அங்கே என்ன நடந்தது என்று தானே சொல்லி அடுத்த பக்கத்தில் கொண்டுபோய் விடுவார். ஏரிக்கரை வர்ணனை நீள்கிறதே என்று நான் ஒரு பத்தியைத் தாவினால், “ஏன் ராசா, தண்ணி வாய்க்கால்ல இறங்குறத விட்டுட்டியே” என்பார். கதை முழுக்க அவருக்குத் தெரியும். தெரிந்த கதையைத்தான் கேட்க விரும்பினார். புதிதாக வந்த நாவல் ஒன்றை அத்தை வாங்கிவந்தபோது, கண்ணாடி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டார்.

இந்தக் கட்டுரைக்காக எத்தனையோ பேரிடம் பேசிவிட்டேன். உடம்பு தேறும் காலத்தில் என்ன படித்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பத்தில் ஏழெட்டுப் பேர் சொல்வது முன்பே படித்ததை, முன்பே பார்த்ததைத்தான். ஆண், பெண், சின்னவர், பெரியவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. அடுத்து என்ன ஆகுமோ என்ற கவலை உடம்பைப் பற்றியே நிறைய இருக்கும்போது, கதையிலாவது அது வேண்டாம் என்று மனம் நினைக்கிறது போலும்.

1987-இல் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன், பழைய முறையில். வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, சைக்கிளில் போய் வாடகை நூலகத்தில் முன்பணம் கட்டியது. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. ஒரு வாரத்துக்குள் திருப்ப வேண்டும். லக்ஷ்மி, சிவசங்கரி, சுஜாதா என்று மூன்று மூன்றாக வந்தன. லக்ஷ்மி தாமே ஒரு மருத்துவர் என்பதில் அம்மாவுக்குத் தனி நிம்மதி. நூலகப் புத்தகங்களில் முன்பு படித்தவர்களின் கை தெரியும். “கண்டிப்பாகப் படிக்கவும்” என்று முதல் பக்கத்தில் பென்சிலில் ஒருவர் எழுதியிருப்பார். அதன் கீழே இன்னொருவர் வேறு மசியில் “ஆமாம்” என்று எழுதியிருப்பார். துப்பறியும் நாவலில் கொலைகாரன் பெயரை நடுவிலேயே எழுதிவைத்த பாவிகளும் இருந்தார்கள். அம்மா அதற்காக வருத்தப்பட்டதில்லை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியிருந்தாலும் எங்கள் தெருவுக்கு டிவி வர எண்பதுகளின் நடுப்பகுதி ஆனது. அதுவும் எதிர்வீட்டில், கறுப்பு வெள்ளையில். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன அந்த 1987 ஜனவரி 25-இல் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை இருபுறமும் பிடித்துக் கூட்டிப்போய், நாற்காலியில் முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று தலையணை கொடுத்து உட்காரவைப்போம். தொடர் முழுக்க இந்தியில். அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் கைகேயி வரம் கேட்ட வாரம் எல்லாரும் அழுதார்கள். என்ன பேசுகிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அம்மா வீட்டுக்குள் அடைபட்டிருந்த வாரங்களில் தெருவைப் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அன்று எல்லாமே வாரக் கணக்கில் நடந்தன. அடுத்த இதழ் வருவதற்குள் தையல் பிரிப்பார்கள். அதற்கடுத்த இதழுக்குள் குளிக்க விடுவார்கள். ராமர் காட்டுக்குப் போவதற்குள் தனியாகத் தெருவைக் கடக்க முடியும். தொடர்கதையின் ‘தொடரும்’ என்ற சொல்லோடு உடம்பு தேறுவதும் சேர்ந்தே நகர்ந்தது. காத்திருக்க ஒரு கிழமை இருப்பது, படுத்திருப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. சில ஆண்டுகளில் வாரம் என்ற கணக்கு நாள் என்றாயிற்று. ‘மர்மதேசம்’ மட்டும் வாரத்துக்கு ஒன்று என்று ஊரையே காக்க வைத்தது. 2002-இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டு ஓடிய ‘மெட்டி ஒலி’யைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பார்த்தோம். இன்று அந்தத் தொடர்கள் எல்லாம் போனில் இருக்கின்றன. ஒரு தொடரின் மொத்தப் பகுதிகளும் ஒரே நாளில் வந்து இறங்கிவிடுகின்றன. காத்திருக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

போன வருஷம் எனக்கும் அதே பித்தப்பை, பரம்பரைச் சொத்து. நான்கு துளைகள், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. ஊதிய வாயுவினால் தோள்பட்டையில் ஒரு வலி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், வந்தது. மல்லாந்து படுத்து போனைத் தூக்கிப் பிடித்தால் தோள் கெஞ்சும், அசந்தால் போன் மூக்கில் விழும். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குத் தொடர்களின் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் நல்ல தொடர்கள்தான். முதலில் ஒரு குற்றப் புலனாய்வுத் தொடரைத் தொடங்கினேன். மாத்திரை மயக்கத்தில் யார் அண்ணன், யார் தம்பி என்று பிடிபடவில்லை. கண் அயர்ந்தால் அது என்னைக் கேட்காமல் அடுத்த பகுதிக்குப் போய்விடும். புத்தகம் அப்படிச் செய்யாது. கை தளர்ந்தால் மார்பில் கவிழ்ந்து, விட்ட பக்கத்தைத் தானே பிடித்துவைக்கும். கடைசியில் 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யைப் போட்டுக்கொண்டேன். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் எனக்கு மனப்பாடம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

போன் எனக்குத் தந்தது ஒன்று உண்டு. அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஊசியின் வேகம் இறங்கும் நேரம் ராத்திரி இரண்டு மணி. அன்றைய வார்டில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தால் பிறகு மின்விசிறியின் சத்தத்தையும் அடுத்த கட்டிலின் முனகலையும் கேட்டபடி விடியும் வரை கிடக்க வேண்டும். எனக்குக் காதில் ஒரு குமிழ் இருந்தது. பாம்பே கண்ணன் பல குரல்களைச் சேர்த்து ஒலிநூலாக்கிய பொன்னியின் செல்வன் அதில் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் உறங்கும் மனைவியை எழுப்பாமல், வலியின் மேல் ஒரு கதையைப் போர்த்திக்கொள்ள முடிந்தது. முன்பு யாருக்கும் இந்த வசதி கிடைத்ததில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு அந்த நாவல் எத்தனையோ பதிப்புகளாக, மின்நூலாக, ஒலியாக, 2022-லும் 2023-லும் இரண்டு படங்களாக வந்துவிட்டது. கிழித்துச் சேர்த்து பைண்டு செய்ய வேண்டியதில்லை. ஓட்டை விழுந்த பக்கமும் இல்லை.

கண்ணிலும் காலம் தலைகீழாகிவிட்டது. லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949 நவம்பரில் முதல் செயற்கை லென்சைக் கண்ணுக்குள் வைத்தார். அது நம் ஊர் ஏழைகளுக்கு எட்ட நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அதன் ஆரோலேப் லென்சுகளை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டு லென்சின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது. சோடாபுட்டிக் கண்ணாடி தெருவிலிருந்தே மறைந்தது. என் சித்திக்குச் சமீபத்தில் புரை எடுத்தார்கள். இருபது நிமிடம், அன்று மாலையே வீடு. மறுநாள் கட்டு எடுத்ததும், சுவரில் தொங்கிய காலண்டரின் ராகுகால எழுத்தைக் கட்டிலிலிருந்தே படித்துக் காட்டினார். சொட்டு மருந்து விடுவதும், கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதும்தான் மிச்சக் கட்டுப்பாடு. அப்பத்தா இழந்த அந்த மாதங்களைச் சித்தி இழக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்து வேறெதையும் நான் கேட்கமாட்டேன்.

ஆனால் சித்திக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை, தேவைப்படவில்லை. எனக்குத் தமிழ் சரளமாக வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அப்பத்தாவின் கட்டிலருகில். வாய்விட்டுப் படித்து, திருத்தப்பட்டு, மறுபடி படித்து வந்தது. என் தலைமுறையில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். வீட்டில் ஒரு பெரியவரின் கண் கட்டப்பட்டிருந்த காலத்தில் ஒரு சின்னவரின் நாக்கு திருந்தியது. சித்தியின் பேரன் எட்டாம் வகுப்பு. நன்றாகத் தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். அதே பையன்தான் பாட்டியின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒலிநூல் செயலியை இறக்கி, எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தவன். அவன் செய்ததும் பணிவிடைதான். முடித்ததும் எழுந்து போய்விட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

வார்டுகளும் மாறிவிட்டன. போன மாதம் ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். எட்டுக் கட்டில், எட்டுப் போன். ஒருவர் வடிவேலு, ஒருவர் கிரிக்கெட், ஒருவர் சொற்பொழிவு. குடல்வால் ஆபரேஷன் முடிந்து ரசச் சாதத்தில் இருந்த இளைஞர் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அது. வயல் நடுவில் அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு கொதிப்பதை அவர் அவ்வளவு நிறைவோடு பார்த்தார். ஒரே பத்திரிகையை நாலு பேர் படித்த இடத்தில் இன்று ஒவ்வொருவருக்கும் அவரவர் விரும்பியது கிடைக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன பிடிக்கும் என்பது மட்டும் தெரியாமல் போகிறது.

அடுத்த மாதம் என் அண்ணிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். மறுநாளே எழுப்பி நடக்கவைப்பார்கள். ஆனாலும் வலியும் ஓய்வும் சில வாரம் இருக்கும். ஒரு பை தயார் செய்துகொண்டிருக்கிறேன். கட்டிலில் மாட்டும் போன் தாங்கி ஒன்று. ஆஸ்பத்திரியில் சிக்னல் சரியாக வராது என்பதால் முன்பே இறக்கிவைத்த பழைய படங்கள், ‘மெட்டி ஒலி’யின் முதல் ஐம்பது பகுதிகள். அண்ணி ஏற்கெனவே இரண்டு முறை படித்த ரமணிசந்திரன் நாவல்கள் மூன்று. தொகுத்துப்போட்ட தடிப் புத்தகம் எதுவும் வேண்டாம், மடியில் கனக்கும். அவருடைய பேத்தியிடம் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவளுக்கென்று, 1947-இல் தொடங்கி 2013-இல் நின்றுபோன அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் சிலவற்றைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டியாயிற்று. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் ஒரு விக்கிரமாதித்தன் கதை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவில் வேதாளம் கேட்கும் கேள்விக்கு அண்ணி பதில் சொல்லட்டும். சரியா என்று பேத்தி அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.